அர்ஜெண்டோ: தலைசிறந்த படம் எது, தலைவலி எது?

கறுப்புக்கையுறை:

போன வாரம் இத்தாலியத் திகில் பட இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோவின் ‘டிராகுலா 3டி’யை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் எழுந்துபோன படம். இந்தத் தடவை எழுவதில்லை என்று சபதம். டிராகுலா ஓநாயாக மாறுவார், வௌவாலாக மாறுவார், அதெல்லாம் தெரிந்ததுதான். இதில் ஆளைவிடப் பெரிய கும்பிடுபூச்சியாக வந்து நிற்கிறார். நானும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே மனசு ஆறாமல் ‘டீப் ரெட்’டை எடுத்துப் போட்டேன். அது 1975, இது 2012. இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் கேட்கிறேன். டாரியோ அர்ஜெண்டோவின் படங்களில் உங்களுக்கு உச்சம் எது, படுமோசம் எது? பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடக் கூடாது, காரணம் வேண்டும். எனக்கு உச்சம் ‘டீப் ரெட்’. மோசம் எதுவென்று சொல்லவே வேண்டாம்.

ராத்திரிஷோ:

உச்சம் ‘சஸ்பீரியா’, 1977. இதில் விவாதத்துக்கே இடமில்லை. விமான நிலையத்தில் அந்தப் பெண் நடந்து வருகிறாள். தானியங்கிக் கதவு திறக்கும்போது மட்டும் பின்னணி இசை கேட்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது. வெளியே பேய்மழை. டாக்ஸி, காடு, மரங்களுக்கு நடுவே ஓடும் இன்னொரு பெண், ரத்தச் சிவப்பில் ஒரு நடனப் பள்ளி. முதல் கால் மணி நேரத்தில் கதை என்று சொல்ல ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மோசம் ‘தி கார்டு பிளேயர்’, 2004. கொலைகாரன் ரோம் போலீஸோடு இணையத்தில் சீட்டு ஆடுகிறான். போலீஸ் தோற்றால் கடத்திவைத்த பெண்ணைக் கொல்வான். யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திரையில் பார்த்தால் நாலு பேர் கணினியைச் சுற்றி நின்றுகொண்டு ‘இந்தச் சீட்டை வை, அந்தச் சீட்டை எடு’ என்கிறார்கள். அதைப் பார்க்க நான் ஏன் படத்துக்கு வர வேண்டும், எங்கள் தெருமுனைக்குப் போனால் போதாதா?

மஞ்சள்அட்டை:

ராத்திரிஷோ தம்பி, ‘சஸ்பீரியா’ அற்புதம்தான். ஆனால் அது சூனியக்காரிப் படம். அர்ஜெண்டோவை அர்ஜெண்டோ ஆக்கியது ஜாலோ. புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: இத்தாலிய மொழியில் ஜாலோ என்றால் மஞ்சள். மொண்டடோரி பதிப்பகம் 1929-இல் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டையில் போடத் தொடங்கியது, அப்புறம் மர்மக் கதைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. (நம் ஊரில் மஞ்சள் புத்தகம் என்றால் தலையணைக்கு அடியில் போகும் சமாச்சாரம். என் பெயரைப் பார்த்துவிட்டு யாராவது தப்பாக நினைத்திருந்தால் மன்னிக்கவும்.)

சினிமாவில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் மரியோ பாவா, 1963-64 வாக்கில். ஆனால் ஊர் முழுக்கப் பரப்பியது 1970-இல் வந்த அர்ஜெண்டோவின் முதல் படம், ‘தி பேர்டு வித் தி கிறிஸ்டல் ப்ளூமேஜ்’. அதுதான் என் உச்சம். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ‘பாயேசே சேரா’ பத்திரிகையில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர், செர்ஜியோ லியோனேவின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படக் கதையில் பெர்டோலூச்சியோடு சேர்ந்து வேலை செய்தவர். தயாரித்தது அப்பா சல்வதோரே அர்ஜெண்டோ. ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டோராரோ, இசை மோரிகோனே. முதல் படத்துக்கே இப்படி ஒரு ஜாதகம்.

ராத்திரியில் ஓர் அமெரிக்க எழுத்தாளன் ரோமில் ஒரு கலைக்கூடத்தைக் கடந்து போகிறான். உள்ளே ஒரு பெண்ணும் கறுப்பு உடை போட்ட ஒருவரும் கத்தியோடு மல்லுக்கட்டுகிறார்கள். காப்பாற்ற ஓடுகிறான். இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறான். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். அவள் ரத்தம் வழிய ஊர்ந்து வருகிறாள். அப்புறம் படம் முழுக்க அவன் சொல்வது ஒன்றுதான்: அங்கே நான் பார்த்ததில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. கடைசியில் தெரிகிறது, பார்த்தது எல்லாம் சரி, கத்தி யார் கையில் என்று அவன் நினைத்ததுதான் தப்பு.

கண்ணாடிவிரியன்:

அண்ணா, ஐம்பது வருஷப் பழைய படம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கிளைமாக்ஸை இப்படிப் போட்டு உடைக்க வேண்டுமா? இங்கே பார்க்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

என் உச்சம் ‘டெனிப்ரே’, 1982. பெயருக்கு அர்த்தம் இருட்டு. படத்தில் இருட்டே இல்லை. ரோமின் ஈயூஆர் பகுதி, வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, கண் கூசும் வெளிச்சம். ‘சஸ்பீரியா’வை வர்ணத்தில் முக்கி எடுத்த அதே லூசியானோ டோவோலிதான் இதற்கும் ஒளிப்பதிவு. வெள்ளைச் சமையலறையில் வெரோனிகா லாரியோவின் கையைக் கோடாலி துண்டிக்க, ரத்தம் சுவரில் தூரிகை இழுத்த மாதிரி போகும் காட்சி உலகப் பிரசித்தம். அந்த நடிகைதான் பின்னாளில் இத்தாலியப் பிரதமர் ஆன பெர்லுஸ்கோனியைக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பது உபரித் தகவல்.

இந்தப் படத்தை நான் பிடித்துக்கொள்ள வேறு காரணம் உண்டு. அர்ஜெண்டோ பெண்களைக் கொல்வதை ரசித்து எடுக்கிறார் என்பது முதல் நாளிலிருந்து இருக்கும் குற்றச்சாட்டு. அதை நானும் வைப்பேன். ‘டெனிப்ரே’யில் கதாநாயகன் கொலைக் கதை எழுதும் எழுத்தாளன். பெண் நிருபர் ஒருத்தி அவன் முகத்துக்கு நேராக அதே கேள்வியைக் கேட்கிறாள். அவன் மழுப்புகிறான். அப்புறம் அந்த எழுத்தாளனைப் படம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். (அண்ணனைப் போல நான் சொல்லிவிட மாட்டேன்.) அது மன்னிப்பா, திமிரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. இரண்டரை நிமிடம் கேமரா ஒரு வீட்டின் சுவரில் ஏறி, கூரையைத் தடவி, மறுபக்கம் இறங்கும் அந்த ஒற்றை ஷாட் திமிர்தான், சந்தேகமில்லை.

மோசம்: 1998 ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’. விகார முகத்தை முகமூடியில் மறைக்கும் ஆளின் கதை அது. இதில் எலிகள் வளர்த்த ஆள், முகமூடி இல்லாத முகம். முகம் நன்றாக இருந்தால் முகமூடி எதற்கு என்று கேட்கலாம். அப்படியானால் இந்தக் கதைதான் எதற்கு?

பாஸ்கிட்டார்:

எல்லாரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். காது எங்கே போயிற்று?

‘டீப் ரெட்’டுக்கு முதலில் இசையமைத்தவர் ஜாஸ் கலைஞர் ஜார்ஜோ காஸ்லினி. அர்ஜெண்டோவுக்குத் திருப்தியில்லை. அதிகம் பேர் கேள்விப்படாத கோப்ளின் என்ற இளம் குழுவைக் கூப்பிட்டார். அந்த இசைத்தட்டு இத்தாலியில் பிய்த்துக்கொண்டு போயிற்று. ‘சஸ்பீரியா’வில் இன்னும் ஒரு படி மேலே: இசையை முன்னாலேயே தயார் செய்து, படப்பிடிப்பில் நடிகர்கள் காதைப் பிளக்கிற மாதிரி ஓடவிட்டார். பின்னணிக் குரல் எப்படியும் பிறகுதானே, அந்தக் காலத்து இத்தாலியில் எல்லாமே டப்பிங். ஒரே காட்சியில் ஒருவர் ஆங்கிலம், ஒருவர் இத்தாலியன், ஒருவர் ஜெர்மன் பேசி நடித்திருப்பார்கள்.

அதனால்தான் ‘ஃபினாமினா’ மேல் எனக்கு ஆறாத கோபம். 1985-இல் ஜெனிபர் கான்னலிக்குப் பதினைந்து வயதுகூட ஆகாத நேரம், சுவிட்சர்லாந்து மலை, காற்று, பூச்சிகளோடு பேசும் பெண், எல்லாம் கூடிவருகிறது. ஒரு பிணத்தை மெதுவாக எடுத்துப் போகிறார்கள். அங்கே மோட்டார்ஹெட் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாட்டு! சாவு வீட்டுக்குள் கல்யாண பேண்டு நுழைந்த மாதிரி. அதற்குமேல் சவரக்கத்தி ஏந்திய சிம்பன்ஸி வேறு. என் மோசம் இதுதான்.

முதல்வரிசை:

வணக்கம். நான் இவர் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் போதும்.

ராத்திரிஷோ:

சஸ்பீரியா.

மஞ்சள்அட்டை:

கிறிஸ்டல் ப்ளூமேஜ். நான் கெடுத்துவிட்டேன் என்பதால் ஒரு மாதம் கழித்து, மறந்த பிறகு.

கறுப்புக்கையுறை:

டீப் ரெட். ஆனால் எந்தப் பிரதி என்பதைப் பார்த்துக்கொள். இத்தாலியில் வந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். வெளிநாட்டுக்கு அனுப்பியதில் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்டது பெரும்பாலும் நாயகன் டேவிட் ஹெம்மிங்ஸும் நாயகி தாரியா நிகோலோதியும் சண்டை போடும் காட்சிகள். அவள் ஓட்டை ஃபியட் காரில் இவன் உட்கார்ந்ததும் இருக்கை கீழே இறங்கிவிடும், படம் பூராவும் அவன் அவளைவிடக் குள்ளமாக உட்கார்ந்து வருவான். கொலைப்படத்தில் அது எதற்கு என்று நினைத்து வெட்டியிருக்கிறார்கள். அது இருந்தால்தான் கொலை வரும்போது உறைக்கிறது. நீளமான பிரதியில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென இத்தாலியனுக்கு மாறுவார்கள். டிவியில் கோளாறு என்று நினைத்துவிடாதே. அந்த இடங்களுக்கு ஆங்கில டப்பிங் இல்லை, அவ்வளவுதான்.

கண்ணாடிவிரியன்:

ஒரே பெயர் கேட்டான், பாவம் பிள்ளை. தம்பி, உனக்குப் பிடித்ததைப் பார்.

ராத்திரிஷோ:

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். எங்கே சறுக்கினார்? என் கணக்கில் விஷயம் எளிது. கூட்டணி கலைந்தது, படம் கவிழ்ந்தது. டோவோலி, கோப்ளின், நிகோலோதி, இவர்கள் இருந்தவரை பொற்காலம்.

மஞ்சள்அட்டை:

இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ‘டிராகுலா 3டி’யின் ஒளிப்பதிவாளர் யார் தெரியுமா? லூசியானோ டோவோலி. இசை? கோப்ளினின் கிளாடியோ சிமோனெட்டி. ‘சஸ்பீரியா’ வரிசையின் மூன்றாம் பாகமாக 2007-இல் வந்த ‘மதர் ஆஃப் டியர்ஸ்’ படத்திலும் சிமோனெட்டி இசை, நிகோலோதி நடிப்பு. அதையும் யாரும் பூஜையறையில் வைத்துக் கும்பிடுவதில்லை. கூட்டணி திரும்பி வந்தது, படம் வரவில்லை.

ராத்திரிஷோ:

டோவோலியா அந்தப் பூச்சிப் படத்துக்கு? என் ராத்திரித் தூக்கம் போச்சு.

கண்ணாடிவிரியன்:

நிகோலோதியை வெறும் ‘கூட்டணி’ என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். ‘சஸ்பீரியா’ திரைக்கதையில் அவர் பெயரும் இருக்கிறது. தன் பாட்டி சொன்ன கதையிலிருந்து வந்தது அது என்று சொல்லிவந்தார். 1980-இல் வந்த ‘இன்ஃபர்னோ’வுக்கும் தான் எழுதியதாகவும், பெயர் போடவில்லை என்றும் சொன்னார். 2020-இல் காலமானார். ‘ஓபரா’வில் கதவின் சாவித்துளைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பவர் அவர்தான். அதற்குப் பிறகு அர்ஜெண்டோ படங்களில் இருபது வருஷம் அவரைக் காணோம். அந்த இருபது வருஷத்தில் வந்த படங்களை எண்ணிப் பாருங்கள்.

கறுப்புக்கையுறை:

‘ஓபரா’ பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் கோடு கிழிப்பது அங்கேதான், 1987. பார்மா நகரத்து ஓபரா அரங்கு, வெர்டியின் மேக்பெத், அரங்குக்குள் வட்டமடிக்கும் காக்கைகள். அதில் கொலைகாரன் பாடகியைக் கட்டிப்போட்டு, கண்ணுக்குக் கீழே வரிசையாக ஊசியை ஒட்டிவிடுகிறான். இமை மூடினால் குத்தும். எதிரே கொலை. அவள் பார்த்தே ஆக வேண்டும். தன் படங்களில் பயங்கரக் காட்சி வரும்போது ஜனங்கள் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்களே என்ற எரிச்சலில் பிறந்த யோசனை என்று அர்ஜெண்டோவே சொல்லியிருக்கிறார்.

அந்தப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய அப்பா இறந்துபோனார். மகனை நம்பி முதல் படத்துக்குப் பணம் போட்ட மனிதர். அப்பா போனதும் எல்லாம் போயிற்று என்று கதை கட்ட எனக்கு ஆசைதான். ஆனால் தம்பி கிளாடியோ தொடர்ந்து படம் தயாரித்திருக்கிறார், குடும்பம் கைவிடவில்லை. இன்னொரு பக்கம், எண்பதுகளில் தனியார் தொலைக்காட்சி வந்து இத்தாலியத் திரையரங்குகளைக் காலி செய்துவிட்டது. ‘சஸ்பீரியா’ மாதிரி அரங்கம் போட்டுச் சுவருக்குச் சுவர் சாயம் பூசப் பணம் எங்கிருந்து வரும்?

பாஸ்கிட்டார்:

பணம் இல்லாதது காரணம் என்றால் ‘ஸ்லீப்லெஸ்’ எப்படி வந்தது? 2001. அதில் முதல் இருபது நிமிட ரயில் காட்சியைத் தனியாக வெட்டி எடுத்து எழுபதுகளின் படம் என்று சொல்லிக் காட்டினால் நம்பிவிடுவார்கள். கோப்ளின் மறுபடி கூடி வாசித்த படம். மேக்ஸ் வான் சிடோ ஞாபகமறதி வந்த ஓய்வுபெற்ற போலீஸாக நடித்திருக்கிறார், அவரைப் பார்க்கவே மரியாதை வருகிறது. மீதிப் படம் சுமார்.

மஞ்சள்அட்டை:

ரொம்ப நாளாக மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

நல்ல அர்ஜெண்டோ படம் எதை எடுத்தாலும் அதில் ஒருவன் எதையோ பார்த்துவிட்டு, பார்த்தது என்னவென்று தெரியாமல் அல்லாடுகிறான். முதல் படத்தில் கண்ணாடிக்குள் மாட்டிய எழுத்தாளன். ‘டீப் ரெட்’டில் நடைவழியில் ஏதோ ஒரு ஓவியம் காணாமல் போய்விட்டது என்று படம் முழுக்கச் சாதிக்கும் பியானோக்காரன். அந்த வேஷத்துக்கு ஹெம்மிங்ஸைப் போட்டதே குசும்பு. ஒன்பது வருஷம் முன்னால் அந்தோனியோனியின் ‘ப்ளோ-அப்’பில் புகைப்படத்துக்குள் கொலையைத் தேடியவர் அவர். ‘சஸ்பீரியா’வில் மழைச் சத்தத்தில் அரைகுறையாகக் காதில் விழுந்த இரண்டு சொல்தான் சாவி. ராத்திரிஷோ தம்பி, சூனியக்காரிப் படம் என்று நான் ஒதுக்கியதை இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பப் பெறுகிறேன்.

இதில் முக்கியம், நாமும் அவனோடு சேர்ந்து பார்த்திருப்போம். திரையில் ஒளிவுமறைவில்லாமல் காட்டியிருப்பார். நாம் கோட்டை விட்டிருப்போம். அடுத்த தடவை பார்க்கும்போது முகம் சிவந்துவிடும். ‘தி கார்டு பிளேயர்’ வந்தபோது இது போய்விட்டது. எல்லாம் கணினித் திரையில் பச்சையாகத் தெரிகிறது, நாம் எதையும் தவறவிடுவதில்லை. தவறவிட ஒன்றுமில்லையென்றால் எனக்கு அங்கே என்ன வேலை?

கண்ணாடிவிரியன்:

இதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ‘தி ஸ்டெண்டால் சிண்ட்ரோம்’, 1996. எல்லாரும் தாண்டிப் போகும் படம். பிளாரன்ஸின் உஃபிட்ஸி கலைக்கூடத்தில் ஓவியத்தைப் பார்த்து மயங்கி விழும் போலீஸ்காரி, நடித்தது அவர் மகள் ஆசியா. ஓவியக் கடலுக்குள் குதித்து மீனோடு முத்தமிடுகிறாள். அதுவும் பார்ப்பதைப் பற்றிய படம்தான், பார்க்கிறவளையே பார்க்கப்படுவது விழுங்கிவிடுகிறது. ஆனால் மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைக் கணினியில் செய்து காட்டுகிறார் பாருங்கள், எனக்கு அங்கேதான் வயிறு கலங்கியது. காட்ட வேண்டாததையும் காட்ட முடியும் என்று அந்த மனிதருக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருஷம் கழித்து அது கும்பிடுபூச்சியாக வந்து நின்றது.

ராத்திரிஷோ:

‘டார்க் கிளாஸஸ்’ பார்த்தீர்களா யாராவது? 2022. கண் பார்வை போன பெண்ணும் ஒரு சீனச் சிறுவனும். கிரகணத்தில் தொடங்கும் முதல் காட்சி பழைய ஆள்தான். அப்புறம் ஆற்றில் பாம்பு வந்தபோது நான் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எண்பது தாண்டிய மனிதர், விட்டுவிடுவோம்.

முதல்வரிசை:

வணக்கம், திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் நாலு பேர் நாலு பெயர் சொன்னதால் குழம்பிப்போய், சிம்பன்ஸி இருக்கிறது என்று பாஸ்கிட்டார் அண்ணா திட்டிய ‘ஃபினாமினா’வை முதலில் போட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் குரங்கு கடைசியில் வந்து நிற்கும்போது விசில் அடித்தேன். அம்மா பூ கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் பிடித்தது.

பாஸ்கிட்டார்:

நான் திட்டியது பரிந்துரையாகப் போய்விட்டதா! நல்லா இரு தம்பி.

முதல்வரிசை:

நேற்று ‘டீப் ரெட்’ பார்த்தோம், நீளமான பிரதி. ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இதற்குமேல் கதை உடையும், பார்க்காதவர்கள் படிக்க வேண்டாம்.

ஆரம்பத்தில் அந்தப் பியானோக்காரன் கொலை நடந்த வீட்டுக்குள் ஓடுகிறான் அல்லவா, நடைவழியில் இரண்டு பக்கமும் விகாரமான முகங்கள் வரைந்த ஓவியங்கள். அம்மா பூவிலிருந்து தலையைத் தூக்கி, ‘அங்கே ஒரு அம்மா நிக்கிறாங்களே, இவன் பாக்காமப் போறான்’ என்றார். நான், ‘அது படம்மா, சுவத்துல மாட்டியிருக்காங்க, சும்மா பாருங்க’ என்று அடக்கிவிட்டேன்.

முடிந்ததும் பின்னால் ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். ஓவியம் இல்லை. கண்ணாடி. முகம் அப்படியே இருக்கிறது. இரண்டு மணி நேரமாக என் பக்கத்திலேயே பதில் உட்கார்ந்திருந்தது.

மஞ்சள்அட்டை:

1975-லிருந்து எத்தனையோ பேர் கோட்டை விட்ட இடம் அது. நானும் விட்டேன். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கறுப்புக்கையுறை:

அடுத்து அவருக்கு எதைப் போட்டுக் காட்டப் போகிறாய்? ‘கிறிஸ்டல் ப்ளூமேஜ்’ போடு, கலைக்கூடக் காட்சியில் என்ன சொல்கிறார் என்று கேட்டு இங்கே எழுது.

முதல்வரிசை:

கேட்டேன் அண்ணா. அந்தக் குரங்குப் படத்தையே இன்னொரு தடவை போடச் சொல்கிறார்.